பூட்டிய வீட்டில் ஜெனரல் ஷிஃப்ட்

"நீங்க வீட்லதான இருக்கறீங்க." இந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால், எந்த ஊரில் இருந்தாலும் பஸ் ஏறிப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் இது காலை வணக்கம் மாதிரி. கதவு தட்டப்படும், நான் திறப்பேன், எதிரே நிற்பவர் இதைச் சொல்வார், என் கையில் ஒரு சாவி விழும்.

லைனில் எல்லோரும் கம்பெனி ஆட்கள். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட், ஜெனரல் என்று ஆளுக்கொரு ஷிஃப்ட். கணவன் வரும்போது மனைவி இருக்க மாட்டாள், மனைவி வரும்போது கணவன் இருக்க மாட்டான். வீட்டுக்கு இரண்டு சாவி கொடுத்திருந்தாலும் ஒன்று எப்போதும் தொலைந்தே இருக்கும். அதனால் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருக்கிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். பகலில் கண் விழித்துக்கொண்டு வீட்டில் இருக்கிற ஒரே ஜீவன் நான். என் கதவுக்குப் பின்னால் வரிசையாக ஆணி அடித்து, அதில் லைன் சாவியையெல்லாம் தொங்கவிட்டிருந்தேன்.

சாவியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சாவி இவளிடம்தானே இருக்கிறது என்று கூரியர் பார்சலையும் வாங்கி வைக்கச் சொன்னார்கள். கேஸ் சிலிண்டர் வந்தால் இறக்கி வைக்கச் சொன்னார்கள். அதற்கு வரும் ஓடிபியை வேலைக்கு நடுவே எனக்கு அனுப்பினார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு, "டேங்க் ரொம்பினா அமத்திடுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறினார்கள். மாடியில் மிளகாய் காயப்போட்ட ஒருத்தி, மழை வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மழை வராமல் நான் எப்படிப் பார்த்துக்கொள்வேன்?

வீட்டில் இருந்தேன், உண்மைதான். சும்மா இருக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன். நான் வேலை பார்த்த கம்பெனி வேறு மாநிலத்துக்கு மாறிப் போனபோது, இனி எழுத்துதான் பிழைப்பு என்று உட்கார்ந்துவிட்டேன். பெரிதாக ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். குருபரப்பள்ளிப் பக்கம் ஹைவே ஓரமாக மனை பிரித்த ஒருவருக்கு நோட்டீஸ் எழுதினேன். 'பெங்களூருக்கு வெகு அருகில்' என்று போடச் சொன்னார். அருகில் இல்லையே சார் என்றேன். "பஸ்ல ஏறி தூங்கிட்டா பக்கம்தாம்மா" என்றார். ஒரு பள்ளியின் ஆண்டு மலரில் தாளாளர் வாழ்த்துரை, தலைமையாசிரியை வாழ்த்துரை, பத்தாம் வகுப்பு மாணவியின் கட்டுரை மூன்றையும் நானே எழுதினேன். மலர் வந்த பிறகு தாளாளர் என்னையே கூப்பிட்டு, "நான் எழுதினத படிச்சீங்களா? எல்லாரும் பாராட்டறாங்க" என்றார். படித்தேன் சார், நன்றாக இருந்தது என்றேன். வேறென்ன சொல்வது.

இதில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வேலை, தொழிற்சாலைகளில் மாட்டும் பாதுகாப்பு வாசகங்கள். ஓசூரில் ஒரு ஏஜென்சிக்காரர் ஆங்கிலத்தில் அனுப்புவார், நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன், அவர் அதைப் போர்டாகவும் அட்டையாகவும் அடித்துக் கம்பெனிகளுக்குக் கொடுப்பார். அந்த மனிதரோடு நான் மல்லுக்கட்டியதை எழுதினால் அதுவே ஒரு புத்தகம். ஒருமுறை ஒரு சிவப்பு அட்டைக்கு வாசகம் வந்தது. மெஷினுக்குள் ஆள் இறங்கி ரிப்பேர் பார்க்கும்போது வெளியே எவரும் சுவிட்சைப் போட்டுவிடாமல் இருக்க, சுவிட்சைப் பூட்டி, அந்தப் பூட்டில் தொங்கவிடுகிற அட்டை அது. அவர் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்து வைத்திருந்த தமிழ் இப்படி இருந்தது: 'ஆபத்து. மனிதன் வேலையில். இயக்குதல் செய்யாதே.' இதைப் படித்துவிட்டு எவன் கையை எடுப்பான்? நான் எழுதிக் கொடுத்தேன்: 'உள்ளே ஆள் வேலையில் இருக்கிறார். கை வைக்காதீர்கள்.'

"மேடம், இங்கிலீஷ்ல ஆபரேட்னு இருக்கு. கை வைக்கறதுன்னு எங்க இருக்கு?" என்றார் ஏஜென்சிக்காரர்.

"மெஷின்கிட்ட நிக்கறவங்க யார் சார் இயக்குதல்னு பேசறாங்க? ஏய், அதுல கை வைக்காதடான்னுதான சொல்வாங்க?"

"அட்டைல எடம் பத்தாது மேடம்."

"எழுத்த சின்னது பண்ணுங்க. ஆளு உசுரு சார், எடத்த பாக்கறீங்க."

தினமும் போன் போட்டுக் கழுத்தை அறுத்து ஒருவழியாக ஜெயித்தேன். அட்டை அச்சாகி எங்கெங்கோ போனது. எந்தக் கம்பெனி, எந்த மெஷின் என்று எனக்குத் தெரியாது. என் பெயர் அதில் இருக்காது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பெயரில்லாமல் எழுதி எழுதிச் சலித்துப் போய்த்தான் என் சொந்தப் புத்தகத்தைத் தொடங்கினேன். இந்த லைன் வீடுகளைப் பற்றி, ஷிஃப்டில் மாறி மாறிக் குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றிக் கட்டுரைகள். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் படித்துப் பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. அங்கே புத்தகங்களைத் திருத்துகிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்தான் என் கட்டுரைகளைக் கையில் எடுத்து, இது வேண்டும் என்று மற்றவர்களிடம் வாதாடியவர். பாதிக் கட்டுரைகளைத் திரும்ப எழுதச் சொன்னார். சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வர வேண்டுமானால் அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்றார். "இந்தத் தடவ தவறினா அடுத்த தடவன்னு நெனைக்காதீங்கம்மா. கண்காட்சி முடிஞ்சதும் நான் ஓய்வு வாங்கிட்டுப் போறேன். அப்புறம் இத எடுத்துப் பார்க்கிறவங்க இங்க யாரும் இல்ல" என்றார். அந்த வருடம் விட்டால் புத்தகம் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

எழுதத்தான் விட்டார்களா? பக்கத்து வீட்டுப் பெண் என்னைவிட இளையவள், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி, ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறாள். தங்கமான பெண். அந்தத் தங்கம்தான் தினமும் என் உயிரை எடுத்தது.

"அக்கா, எழுதிக்கினு இருக்கறீங்களா?"

"ஆமா."

"அப்ப சும்மாதான இருக்கறீங்க. இந்த பருப்ப கொஞ்சம் குக்கர்ல ஏத்திடுங்க. நான் குளிச்சிட்டு வந்துடறேன்."

ஒரு வாக்கியத்தின் பாதியில் எழுந்து பருப்பு வேகவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மீதிப் பாதி எங்கே போனதென்று தெரியாது. எழுதுகிறேன், எழுத்துதான் எனக்கு வேலை, வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள் என்று தன்மையாகவும் சொன்னேன், முகத்தைக் காட்டியும் சொன்னேன். 'எழுதும் நேரம். தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். அன்றைக்கு எப்போதும் தட்டுகிறவர்களோடு, தட்டாதவர்களும் வந்து தட்டினார்கள். "என்னாச்சுக்கா, ஒடம்பு செரியில்லயா? ஏதோ எழுதி ஒட்டிக்கறீங்க?" எனக்கு அழுகை வந்தது.

என் கணவர் திருச்சிக்காரர், இங்கே ஒரு கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துவிட்டது. "பேசாம நீயும் கம்பெனில சேந்துட்டேன்னு சொல்லிடு. கம்பெனிக்குப் போறவங்ககிட்ட இங்க எவனும் எதுவும் கேக்க மாட்டான்" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

லைன் வீட்டுக்கு ஒரே கதவுதான். அதனால் அவர் காலையில் போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போக வேண்டும். மாலையில் வந்து திறக்க வேண்டும். பூட்டைப் பார்க்கிறவர்கள் நான் வேலைக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நல்லவேளை, பாத்ரூம் உள்ளேயே இருந்தது.

"தீ கீ பிடிச்சா என்னடி பண்ணுவ?" என்றார்.

"இன்னொரு சாவி உள்ள இருக்கு. ஜன்னல்ல நீட்டுவேன்."

"யாருகிட்ட நீட்டுவ?"

"நைட் ஷிஃப்ட் ஆளுங்க தூங்கிட்டுதான இருப்பாங்க. கத்தினா எந்திரிப்பாங்க."

அவருக்கு மனமே இல்லை. நான் விடவில்லை. சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனி ஆபீஸில் டாக்குமென்ட் வேலை என்று லைனில் சொல்லி வைத்தேன். என் பழைய கம்பெனி ஐடி கார்டுக் கயிற்றைத் துவைத்து எல்லோர் கண்ணிலும் படும்படி கொடியில் காயப்போட்டேன். காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழாயடியில் ஒரு சுற்று வருவேன். லைனில் ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் கணவர் பூட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது வெளியே தெரியாமல் இருப்பதென்பது லேசான விஷயமில்லை. குக்கர் வைக்கக் கூடாது, விசில் அடிக்கும். மிக்சி கூடாது. இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இரும வேண்டும். போனை அதிர்வில் வைத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். யாராவது கதவுக்குப் பக்கத்தில் வந்தால் ஜன்னலுக்குக் கீழே தரையோடு படுத்துக்கொண்டேன். என் சொந்த வீட்டில், வாடகை கொடுக்கிற வீட்டில், திருடி மாதிரி. ஆனால் எழுதினேன். அத்தனை மாதமாக நகராமல் கிடந்தது மளமளவென்று நகர்ந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது வேறு விஷயத்தில். நான் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன மறுநாளே சாவிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஒருத்தர் செருப்பு ஸ்டாண்டுக்குள் வைத்துவிட்டுப் போனார், ஒருத்தர் தொலைந்த சாவிக்கு மறுசாவி போட்டுக்கொண்டார். இத்தனை சுலபமாக முடிகிற காரியத்துக்கா என் கதவில் ஆணி அடித்தேன்? அதோடு, சாயங்காலம் நான் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கையில் யாராவது வந்தால், பக்கத்து வீட்டுப் பெண் வாசலிலேயே தடுத்துவிடுவாள். "அக்கா இப்பதான் கம்பெனில இருந்து வந்துக்குது. பாவம், அசந்து போயிருக்கும். தொந்தரவு பண்ணாதீங்க" என்பாள். எழுதும்போது கிடைக்காத மரியாதை டிவி பார்க்கும்போது கிடைத்தது.

அடுத்து, வேகன்சி கேட்க ஆரம்பித்தார்கள். ஓசூரில் ஒருவர் கம்பெனியில் சேர்ந்துவிட்டால், உடனே அவரிடம் நாலு பேர் பயோடேட்டா கொடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் தன் தம்பியுடையதைக் கொண்டுவந்தாள். வாங்க மாட்டேன் என்றால் ஏன் என்பாள். வாங்கி வைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திருத்தி எழுதியதையெல்லாம் அனுப்பி முடித்தேன். பெரியவர் போன் செய்து, அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை நான் படித்துத் திருத்த வேண்டிய புரூஃபைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மெயிலில் அனுப்பிவிடுங்களேன் ஐயா என்றேன். "திரையில பாத்தா கண்ணு ஏமாத்தும்மா. தாள்ல பாருங்க. அடுத்த செவ்வாய்க்கிழம அங்கேருந்து கெளம்பிடணும், இல்லன்னா அச்சகத்துல நம்ம முறை போயிடும்" என்றார்.

அந்த வாரம் நடுவில் ஒருநாள் பகலில், "கூரியர்" என்று வாசலில் குரல் கேட்டது. என் கதவைத்தான் தட்டினார் அந்த ஆள். எப்போதுமே எல்லார் பார்சலுக்கும் என் கதவைத்தானே தட்டுவார். நான் ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டு சிரித்தேன். போங்க, போங்க, எவளோ ஆன்லைனில் போட்ட நைட்டி திரும்பிப் போகட்டும் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தார். மறுநாளும் சிரித்தேன். மாலையில் போனைப் பார்த்தால் தெரியாத எண்ணிலிருந்து அழைப்புகள். மனை விற்கிறவர்களோ, வேகன்சி கேட்கிறவர்களோ என்று விட்டுவிட்டேன். புரூஃப் இன்னும் வரவில்லையே, பதிப்பகத்தில் தூங்குகிறார்களா என்று பெரியவரைத் திட்டிக்கொண்டும் இருந்தேன். என் அறிவை என்னவென்று சொல்ல.

சனிக்கிழமை மதியம் மூன்றாவது முறையாக அந்தக் குரல் கேட்டது. பழக்கப்படி தரையில் படுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குண்ணா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

"இந்த வீட்டம்மாவுக்குதாங்க. இதோட மூணு தடவ. போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"அக்கா கம்பெனிக்குப் போய்க்குதுண்ணா. எங்கிட்ட குடுங்க, வச்சிருந்து குடுக்கறேன்."

"அவங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும். அத சொன்னாதாங்க குடுக்க முடியும்."

"இருங்க, நானே போடறேன்" என்றாள். அரிசி டின் புர்ரென்று அதிர்ந்தது. தகர டின். வீடே அதிர்கிற மாதிரி இருந்தது.

"உள்ள என்னமோ சத்தம் வருது" என்றாள்.

"எலியா இருக்கும். நான் ரிட்டன் போட்டுடறேங்க. மெட்ராஸ்ல இருந்து ஏதோ பதிப்பகம்னு போட்டிருக்கு. திரும்பப் போயிடும்."

என் புரூஃப்! அது சென்னைக்குப் போய், மறுபடி கிளம்பி வருவதற்குள் செவ்வாய் போய்விடும். அச்சக முறை போய்விடும். பெரியவரும் போய்விடுவார். வாயைத் திறந்தால் லைன் முழுக்க மானம் போய்விடும். அந்த ஆளின் செருப்புச் சத்தம் நகர ஆரம்பித்தது.

"இருங்க. போகாதீங்க. நான் உள்ளதான் இருக்கேன்" என்று கத்தினேன்.

செருப்புச் சத்தம் நின்றது. ஜன்னல் கம்பியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம் தெரிந்தது. கழுத்தில் ஐடி கார்டுக் கயிறோடு தரையில் கிடந்த என்னைப் பார்த்தாள். கதவில் வெளிப்பக்கம் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். அவள் முகம் மாறிய மாற்றத்தை என்னால் மறக்க முடியாது.

"அக்கா," என்றாள் தணிந்த குரலில், "அண்ணன் ஒங்கள உள்ள வச்சி பூட்டிட்டா போறாரு?"

இல்லை இல்லை என்பதற்குள் மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா இறங்கி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டவர் என் கணவரைத் தெலுங்கில் கிழிக்க ஆரம்பித்தார். தெலுங்கு போதாமல் கன்னடத்துக்கும் போனார். யாரோ என் கணவருடைய கம்பெனிக்கே போன் போட்டுவிட்டார்கள். லைன் சாவியையெல்லாம் வாங்கி வைத்த நான், என் வீட்டுச் சாவியை ஜன்னல் கம்பி வழியே நீட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கித் திறந்தாள். அரிசி ஒட்டிய போனை எடுத்து ஓடிபியைச் சொல்லிக் கவரை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கூரியர்காரர் போகும்போது, "மேடம், போலீஸ் கேஸ்னா நான் வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

என் கணவர் பெர்மிஷன் போட்டுவிட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்தார். லைனே வாசலில் நின்று அவரைக் குற்றவாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு" என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை இல்லை, கம்பெனி இல்லை, எழுதுவதற்காக நானேதான் பூட்டிக்கொண்டேன் என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. கணவனைக் காப்பாற்றப் பேசுகிறேன் என்று நினைத்தார்கள். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாம சொல்லு. எழுதறதுக்கா பூட்டினாரு?" என்றார்.

"அவர் பூட்டல. நான்தான் பூட்டச் சொன்னேன்."

"ஒன்ன யாரு எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல."

"யாரும் சொல்லாமயா எழுதற?"

கவரைப் பிரித்துத் தாள்களை எடுத்துக் காட்டினேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் கணவரை உள்ளே வந்து தண்ணீர் குடிக்க விட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் நின்றுகொண்டே இருந்தாள். அவளுடைய கம்பெனி வேன் அவளுக்காகக் காத்திருக்காமல் போய்விட்டிருந்தது. "அப்ப என் தம்பியோட பயோடேட்டா?" என்றாள். "தெனமும் கேக்கறான்க்கா, அக்கா கம்பெனில கூப்ட்டாங்களான்னு." ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போய்விட்டாள். அத்தனை நேரம் மற்றவர்கள் மேல் இருந்த எரிச்சலெல்லாம் என்மேலேயே திரும்பிவிட்டது. பரப்பி வைத்த தாளில் ஒரு வரிகூட ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே புரூஃப் பார்க்க உட்கார்ந்தேன். இனி ஒளிய முகமில்லை. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் முதல் ஆள் வந்தாயிற்று. "என்னக்கா, கம்பெனி இல்லயாமே? அப்ப வீட்லதான இருக்கறீங்க" என்று சாவியை நீட்டினார். அடுத்தவர் வந்தார். என்னைப் பற்றிய பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவியதோ அவ்வளவு வேகமாக ஆணிகள் நிரம்பின. மோட்டாரை அமத்தச் சொன்னார்கள். மிளகாய்க்காரி மறுபடி மழையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இரவு படுக்கும்போது பாதிகூட முடியவில்லை. நடுவில் இருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமை. என் கணவர் விளக்கை அணைத்தார்.

திங்கட்கிழமை மதியம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. முகத்தில் சிரிப்பு இல்லை. சாப்பாட்டுப் பையைத் திறந்து, ஓரம் கிழிந்த ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள்.

"இத கதவுல மாட்டுங்கக்கா. தகடு அடிக்கற அச்ச, டைய, மாத்தும்போது ஃபிட்டரு எங்க மெஷின்ல தொங்க வுடுவாரு. கிழிஞ்சதுன்னு ஒதுக்கிப் போட்டிருந்தாங்க. சூப்பர்வைசர கேட்டுதான் எடுத்தாந்தேன்." நான் கை நீட்டுவதற்குள் அவளே நாதாங்கியில் கயிற்றை முடிந்தாள். "ஆளு உள்ள இருக்கச்சொல்ல வெளிய இருந்து பூட்டறதா? எங்க கம்பெனில அப்டி பண்ணா அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. பூட்டு போட்டா சாவி உள்ள வேல செய்யறவங்ககிட்டதான் இருக்கணும். இது தொங்கினா மேனேஜரே வந்தாலும் தள்ளிதான் நிப்பாரு."

அட்டையை நிமிர்த்திப் படித்தேன். 'உள்ளே ஆள் வேலையில் இருக்கிறார். கை வைக்காதீர்கள்.' எழுத்தைச் சின்னதாக்கி, இரண்டு வரியாக அடித்திருந்தார் ஏஜென்சிக்காரர். எண்ணெய்க் கறை படிந்த விரல் ரேகைகள் அதன்மேல் நிறைய இருந்தன.

"அந்த புக்ல நாங்கல்லாம் வர்றமா?" என்று கேட்டாள்.

"வர்றீங்க."

"சாவி குடுத்ததெல்லாமா?"

"அதுவும்தான்."

"எழுதிக்குங்க" என்றாள்.

அப்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இது நான் எழுதினது" என்றேன்.

"எது?"

"இந்த அட்டைல இருக்கறது. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "சும்மா இருங்கக்கா. மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? இது கம்பெனி போட்டது."

சத்தியமாக என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது. இல்லாத கம்பெனியைச் சொன்னபோது நம்பியவள், இருக்கிற அட்டையைச் சொன்னால் நம்பவில்லை. அது நான் சம்பாதித்ததுதான்.

தெருவில் வேன் ஹாரன் அடித்தது. அவள் ஓடிப் போய் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். பழக்கதோஷத்தில் சாவியை என் பக்கம் நீட்டினாள். பழக்கதோஷத்தில் நானும் கையை நீட்டினேன். அவள் கண் அட்டையில் போய் நின்றது. உதடு அசைய இரண்டு வரியையும் படித்தாள். நீட்டிய சாவியை இழுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"வரேன்க்கா" என்றாள். "நீங்க உள்ள போங்க."